ஒருவர் கண்ட பிறை

"ஆலிம்சா, பிறையை நான் பாத்தேன். ஊரு ஒத்துக்க மாட்டேங்குது."

சூபி மடமான தைக்காவின் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நெய்னா முகம்மது இதைச் சொல்லிவிட்டார். ஸலாம் அதற்குப் பிறகுதான் வந்தது.

உள்ளே சாலிகு ஆலிம் விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தார். மஃரிப் தொழுகை முடிந்து அதிக நேரம் ஆகவில்லை. மேற்கே இன்னும் கொஞ்சம் சிவப்பு இருந்தது.

"இரிங்க காக்கா," என்றார் ஆலிம்.

காக்கா என்றால் அண்ணன். ஆனால் வயதைப் பார்த்தால் ஆலிம், நெய்னாவுக்கு மகன் மாதிரி. ஆலிமின் தகப்பனார்தான் நெய்னாவுக்கு ஞானகுருவான ஷெய்காக இருந்தவர். அந்தப் பெரியவர் மௌத்தாகி அடக்கமான அன்று, தான் தோளில் தூக்கித் திரிந்த பிள்ளையின் கையையே முத்தமிட்டு, "இனி எனக்கு நீங்கதான்" என்று சொல்லிவிட்டார் நெய்னா.

சொல்லிவிட்டாரே தவிர, 'நேற்றுப் பிறந்த பிள்ளைக்கு என்ன தெரியும்' என்ற நினைப்பு அவ்வப்போது எட்டிப் பார்க்கும். மனித மனம்தானே.

நெய்னா உட்காரவில்லை.

"நீங்க எங்கேர்ந்து பாத்தீங்க?"

"உப்பளத்து வரப்புல நின்னு. ரெண்டு பனைக்கு நடுவால. நகக் கீத்து மாதிரி. மேகம் வந்து மூடிருச்சு."

"பக்கத்துல யாரு இருந்தா?"

"யாரும் இல்ல. எல்லாரும் பள்ளிவாசல் மொட்டமாடியில நின்னாக."

"நீங்க ஏன் அங்க நிக்கல?"

நெய்னா சுவரைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார்.

"நானும் செய்னம்பும் வருசா வருசம் வரப்புலதான் நிப்போம். அவ இல்லங்கிறதுக்காக இடத்தை மாத்த முடியுமா?"

அவருடைய மனைவி செய்னம்பு போய்ச் சேர்ந்தது போன ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு. பிள்ளைகள் இல்லை. ஒரு கயிற்றுக்கடையும், அதற்குப் பின்னால் ஒரு வீடும், வீட்டுக்குள் அவரும்.

தந்திக் கம்பி எட்டாத காலம் அது. பக்கத்து ஊரில் பிறை தெரிந்தால், அந்தச் செய்தி மாட்டுவண்டி ஏறி வந்து சேர்வதற்குள் பெருநாளே முடிந்துபோகும். ஒவ்வொரு ஊரும் தன் தலைக்கு மேலே இருக்கிற வானத்தை நம்பித்தான் காலம் தள்ளியது.

இருபத்தொன்பதாம் நோன்பின் மாலையில் மேற்கே பிறை தெரிந்தால் ரமலான் முடிந்தது, விடிந்தால் பெருநாள். தெரியாவிட்டால் இன்னும் ஒரு நோன்பு. பெருநாள் பிறையைக் கண்டதாக இரண்டு பேராவது சாட்சி சொல்ல வேண்டும். இதில் ஊருக்கு மார்க்கத் தீர்ப்புச் சொல்கிற காஜியார் அணுவளவும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

"காஜியாரு என்ன சொன்னாக?"

"'நெய்னா பொய் சொல்ற ஆளு இல்ல. ஆனா ஒத்தைச் சாட்சியாப் போச்சே'ன்னாக."

"அது சரிதானே காக்கா."

"அது சரி. அதை நான் குத்தம் சொல்லல. பின்னால நின்னான் பாருங்க மம்மாலி. 'காக்காவுக்குத் தெரிஞ்சது பிறை இல்ல, பெருநாள் நெய்ச்சோறு'ன்னான்."

ஆலிம் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"எல்லாரும் சிரிச்சாக. வெறும் வாயை மெல்றவுகளுக்கு அவல் கிடைச்ச மாதிரி. காஜியாரே தாடியைத் தடவுற மாதிரி வாயை மூடிக்கிட்டாக. நான் பாத்தேன்."

"அதையும் பாத்துட்டீங்களா?"

"விளையாடாதீங்க ஆலிம்சா." நெய்னா துண்டை உதறித் தோளில் போட்டார். "இந்த ஊருல நாப்பது வருசமா கயிறு அளந்து விக்கிறேன். ஒரு முழம் குறைஞ்சதுன்னு ஒருத்தன் சொன்னது இல்ல. இன்னைக்கு என் கண்ணுல கண்டதைச் சொன்னா சிரிக்கிறாக."

இப்போதுதான் அவர் உட்கார்ந்தார். வந்த காரியத்தையும் இப்போதுதான் சொன்னார்.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்."

"என்னன்னு?"

"நானும் பாத்தேன்னு."

"நான் பாக்கலயே காக்கா."

"பிறை இருந்துச்சு. அது சத்தியம். இருந்ததை இருந்துச்சுன்னு சொல்றது பொய்யா?"

"அந்நேரம் நான் கஞ்சி அடுப்பு ஊதிக்கிட்டு இருந்தேன். யாராச்சும் கேட்டா, அடுப்பைப் பாத்தேன்னுதான் நான் சாட்சி சொல்ல முடியும்."

"நாளைக்கு ஊரே பெருநாள் அன்னைக்கு நோன்பு வைக்கப் போகுது. பெருநாள்ல நோன்பு வைக்கிறது ஹராம். அது உங்களுக்குச் சம்மதமா?"

"ஊரு காணல. காணாதவுக மேல குத்தம் இல்ல."

ஆலிம் திரியைப் பற்ற வைத்தார். சுவரில் இரண்டு பேருடைய நிழலும் எழுந்தது.

"நீங்க கண்டீங்க. கண்டவருக்கு நாளைக்குப் பெருநாள். கண்டவரை நெஞ்சார நம்புறவருக்கும் பெருநாள். மத்தவுகளுக்கு நோன்பு. அவ்வளவுதான்."

நெய்னா மெதுவாகக் கேட்டார்.

"நீங்க நம்புறீங்களா?"

ஊர் முழுக்கச் சிரித்தால் என்ன, இந்த ஒருவர் தலையை ஆட்டினால் போதும் என்றிருந்தது அவருக்கு. சின்னதாக ஒரு ஆட்டல். அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

ஆலிம் அவர் முகத்தைப் பார்த்தார்.

"தெரியல காக்கா," என்றார். "மேகத்தோட ஓரமும் சில நேரம் கீத்து மாதிரிதான் மினுங்கும்."

நெய்னா எழுந்துவிட்டார்.

"அப்ப நாளைக்கு நான் என்ன செய்ய?"

"குளிங்க. நல்ல உடுப்பு உடுத்துங்க. பெருநாள் தொழுகையைத் தொழுங்க. ஆக்கிச் சாப்பிடுங்க. கதவைச் சாத்திக்கிட்டுச் செய்ங்க. ஊரு அறியக் கூடாது."

"திருடன் மாதிரியா?"

"திருடன் மாதிரித்தான்."

எப்போதும் ஆலிமின் கையை முத்தமிட்டுத்தான் நெய்னா விடைபெறுவார். அன்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

* * *

விடியுமுன் உண்கிற நோன்புச் சாப்பாடான சகருக்கு எழுப்புகிற பக்கீர், தப்ஸ் கொட்டு அடித்துக்கொண்டு தெருவில் வந்தார். அவருக்கு ஒவ்வொரு வீட்டு ஆளின் பெயரும் மனப்பாடம்.

"நெய்னா காக்கா, எந்திரிங்க. கடைசி நோன்பு. சகர் செய்ங்க."

நெய்னா பாயில் அசையாமல் படுத்திருந்தார்.

விடிந்ததும் கிணற்றடியில் குளித்தார். வாளிச் சத்தம் கேட்காமல் இறைப்பதற்குப் பெரும்பாடாகிவிட்டது. பெட்டியைத் திறந்து வெள்ளைச் சட்டையை எடுத்தார். செய்னம்பு துவைத்து மடித்து வைத்துவிட்டுப் போனது. அத்தரைத் தொட்டவர், வாசனை வெளியே போகுமே என்று நினைத்து மூடி வைத்தார்.

பெருநாள் தக்பீர் முழக்கத்தை ஊரே கூடித் தெரு அதிரச் சொல்ல வேண்டும். அவர் உதட்டுக்குள் சொல்லிக்கொண்டார். தன் குரலே தனக்குக் கேட்கவில்லை.

தனியாகத் தொழுதார். முன்னால் இமாம் இல்லை, பக்கத்தில் தோள் இல்லை. முடிவில் ஸலாம் கொடுக்க வலப்பக்கம் திரும்பினார். சுவர் இருந்தது. இடப்பக்கம் திரும்பினார். செய்னம்பின் பாய் சுருட்டி நிறுத்தப்பட்டிருந்தது.

தொழுகை முடிந்தால் ஒருவரையொருவர் கட்டித் தழுவ வேண்டும். பகையாளியைக்கூடத் தழுவுகிற நாள் அது. நெய்னா தன் கைகளை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

பிறகு அடுப்பை மூட்டினார்.

"காக்கா," என்று சுவருக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு ஜொகரா கூப்பிட்டாள். "நோன்பும் அதுவுமா காலையிலயே புகையுதே. மேலுக்கு முடியலயா?"

"வெந்நி கொதிக்குதும்மா."

வெந்நீர் கொதித்தது உண்மைதான். அதில் அரிசி போடப் போவதை அவர் சொல்லவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு உண்மையைப் பாதியாக நறுக்கிக் கொடுத்திருக்கிறோம், அதுவும் பெருநாளும் அதுவுமாக என்று அவருக்கு வருத்தமாக இருந்தது.

ஜன்னல்களைச் சாத்திவிட்டு நெய்ச்சோறு ஆக்கினார். கறி வைத்தார். முந்தாநாளே செய்னம்பின் அண்ணன் வீட்டிலிருந்து கறி வந்திருந்தது, உப்புக்கண்டமாக. அதைத்தான் தேங்காய்ப்பால் விட்டுக் குழம்பாக்கினார்.

எல்லாம் இறக்கி வைத்த பிறகு, பழக்கத்தில் கை தானாகச் சகனை எடுத்துவிட்டது.

சகன் என்பது பெரிய தாலம். நடுவில் சோற்றைக் குவித்துக் கறியை வைத்து, நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தாலத்தில் கை போட்டுச் சாப்பிடுவார்கள். கல்யாணம் என்றாலும் பெருநாள் என்றாலும் அந்தப் பக்கத்தில் சாப்பாடு அப்படித்தான். ஒருவர் சகனில் தனியாகச் சாப்பிட்டு யாரும் பார்த்ததில்லை.

நெய்னா சகனின் ஒரு பக்கத்தில் உட்கார்ந்தார். மற்ற பக்கங்கள் எல்லாம் சும்மா இருந்தன.

சாப்பிடுமுன் சொல்கிற பிஸ்மில் சொன்னார். கை முன்னால் போகவில்லை.

பிறகுதான் அந்த நினைப்பு வந்தது. ஒருவேளை நான் பார்க்கவில்லையோ?

மொட்டைமாடியில் அத்தனை பேர் நின்றார்கள். இளங்கண்கள் எத்தனை. அவர்கள் யாருக்கும் படாதது எனக்கு மட்டும் எப்படிப் படும்? கண்ணால் காண்பதும் பொய் என்றுதானே பழமொழி சொல்கிறது.

அது பிறை இல்லையென்றால், இந்த ஒரு கவளம் ரமலான் நோன்பை வேண்டுமென்றே முறித்த பாவம். அது பிறைதான் என்றால், இந்தக் கவளத்தை உண்ணாமல் பெருநாளில் பட்டினி கிடப்பது பாவம். எந்தப் பக்கம் சாய்வது என்று கேட்க ஒரு ஆள் இல்லை. கேட்க இருந்த ஒருவரும் 'தெரியல' என்று சொல்லிவிட்டார்.

சோறு ஆறிக்கொண்டிருந்தது. நெய்னா அழுதார். அழுகைச் சத்தமும் வெளியே போகக் கூடாதே என்று தோளில் கிடந்த துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

* * *

நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி ஓய்ந்தது. தொழுதுவிட்டு மறுபடியும் அதே இடத்தில் வந்து உட்கார்ந்தார். சற்றுப் பொறுத்துக் கதவு தட்டப்பட்டது.

நெய்னா துள்ளி எழுந்தார். ஊர் வந்துவிட்டதா?

"யாரு?"

"சாலிகுதான்."

கதவை ஒரு ஆள் நுழைகிற அளவுக்குத் திறந்து, ஆலிம் உள்ளே வந்ததும் தாழ் போட்டார். ஆலிமின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. நோன்புக்காரரின் முகம். வெயிலில் நடந்து வந்த களைப்பு வேறு.

ஆலிம் சகனைப் பார்த்தார். சோற்றின் மேல் விரல் பட்ட தடம் இல்லை.

"இன்னும் சாப்பிடலயா?"

"இல்ல."

"ஏன்?"

"நீங்கதான் மேகம்னு சொல்லிட்டீங்களே. ராவு பூரா அந்த மேகத்தைத்தான் நினைச்சுக்கிட்டுக் கிடந்தேன். இப்ப பிறை ஞாபகத்துலயே இல்ல. மேகம்தான் இருக்கு."

ஆலிம் தரையில் உட்கார்ந்தார். சகனுக்குச் சற்றுத் தள்ளி, சுவரோரமாக.

"நேத்து உங்ககிட்ட ஒண்ணு கேக்க விட்டுப்போச்சு காக்கா. அதைக் கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்."

"கேளுங்க."

"பிறை தெரிஞ்சதும் என்ன செஞ்சீங்க?"

"துஆ ஓதினேன்."

"அதுக்கு முன்னால?"

நெய்னா துண்டின் ஓரத்தை விரலில் சுற்றினார், பிரித்தார்.

"சொன்னா கேவலம்."

"இங்க நம்ம ரெண்டு பேருதான் இருக்கோம்."

"மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன்."

"ஏன் காக்கா?"

"செய்னம்பு போன பிறகு எனக்கு ஒத்தையிலதான் சாப்பாடு," என்றார் நெய்னா. "சட்டியில இருக்கும். பசியும் இருக்கும். எடுத்துப் போட்டுத் திங்க மனசு வராது. அப்புறம் நோன்பு வந்துச்சு. பள்ளிவாசல்ல எல்லாரோடயும் உக்காந்து கஞ்சி குடிச்சேன். எனக்குன்னு இடம் போட்டு வைப்பாக. அந்த மம்மாலிதான் தன் வடையைப் பிச்சு என் கோப்பையில போடுவான். நேத்துக்கூட நான் வரப்புலேர்ந்து வர நேரமாச்சுன்னு என் கஞ்சியை மூடி வச்சிருந்தாக."

மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"பாதி நோன்புக்கு மேல ஒவ்வொரு சகருக்கும் வெளிய வந்து நிலாவைப் பாப்பேன். முழுசா இருந்தது மெலிஞ்சுக்கிட்டே வந்துச்சு. ஒரு சகர்ல பாத்தேன், நிலாவே இல்ல. சரி, மாசம் முடியப் போகுது, மறுபடி அந்தச் சட்டி, அந்த அடுப்புன்னு நினைச்சேன்."

"ம்."

"முப்பது நோன்பும் கிடைச்சிரணும்னுதான் வேண்டிக்கிட்டேன் ஆலிம்சா. இன்னும் ஒரே ஒரு நாள் எல்லாரோடயும் உக்காரலாமே. ஊரெல்லாம் பிறை தெரியணும்னு மாடியில நின்னுச்சு. நான் தெரியக் கூடாதுன்னு வரப்புல நின்னேன். மூஞ்சிக்கு நேரா வந்து நின்னுருச்சு."

"திருப்பிக்கிட்டீங்க."

"திருப்பிக்கிட்டேன். திருப்பினா போயிருமா? மறுபடி பாத்தேன். இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் மேகம் வந்துச்சு."

வெளியே ஜொகரா கோழியை விரட்டுகிற சத்தம் கேட்டது.

ஆலிம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "யாரும் பாக்கல. நீங்களும் பேசாம இருந்திருந்தா, இன்னைக்கு அந்திக்கும் உங்களுக்குக் கஞ்சி இருந்திருக்கும். மம்மாலி வடை போட்டிருப்பான். ஏன் போய்ச் சொன்னீங்க?"

நெய்னா அவரை விளங்காமல் பார்த்தார். இது ஒரு கேள்வியா என்பது போல.

"பாத்துட்டேனே ஆலிம்சா," என்றார்.

ஆலிம் எழுந்தார். மூலையிலிருந்த மண்பானையில் தண்ணீர் மொண்டு வலது கையைக் கழுவினார். தொழுகைக்கு ஒளு செய்கிறார் போலும் என்று நெய்னா நினைத்தார். ஆனால் ஆலிம் முகத்தைக் கழுவவில்லை, காலைக் கழுவவில்லை.

நேராக வந்து சகனுக்கு எதிர்ப்பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சட்டைக் கையை முழங்கை வரை ஏற்றினார்.

நெய்னா பதறிப்போனார்.

"ஆலிம்சா, நீங்க நோன்பு."

ஆலிம் பிஸ்மில் சொன்னார். ஆறிப்போன சோற்றில் கை வைத்து, குழம்பை இழுத்துப் பிசைந்து, ஒரு கவளத்தை வாயில் போட்டு மென்றார்.

"உப்பு ஒரு கல்லு கம்மி காக்கா," என்றார்.